தில்லி ஆபீசர் பார்த்த கடல்

மனித நாகரிகம் கடற்கரையில்தான் கண் விழித்தது. கடலின் முன் நிற்காத மனிதன் இயற்கையைப் பற்றி வாய் திறக்கும் உரிமையற்றவன்.

இவ்வாறு முழங்கியவர் ஜோதிலிங்கம். முழங்கிய இடம், லோதி ரோடு அரசுக் குடியிருப்பின் சமுதாயக் கூடம். அங்கிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க ஒரு முழு இரவாவது ரயிலில் உட்கார வேண்டும். முழங்கியவரே கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். வாலிபத்தில் ஏதோ பரீட்சை எழுதச் சென்னைக்குப் போனபோது, பஸ் ஜன்னல் வழியாக. சரியாக அந்த நேரம் பார்த்துக் குறுக்கே ஒரு தண்ணீர் லாரி வந்துவிட்டதால், அதையும் பாதிக் கடல் என்றுதான் கொள்ள வேண்டும்.

ஜோதிலிங்கம் ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். எந்த அலுவலகத்துக்கு எத்தனை ஸ்டீல் அலமாரி, எத்தனை சுழல் நாற்காலி என்று முடிவு செய்யும் பிரிவு அவருடையது. சாயங்காலமானால் அலமாரிகளை மறந்துவிட்டு இயற்கையை நேசிப்பார். அதற்காகவே தலைநகர்த் தமிழர் இயற்கை மன்றம் என்று ஒன்றைத் தொடங்கி, தொடங்கிய நாளிலிருந்து தலைவராகவும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் லோதி கார்டனில் நடப்பார்கள். கிளி, மைனா, மறுபடியும் கிளி என்று பார்த்துவிட்டு, யாராவது ஒருவர் வீட்டில் இட்லி சாப்பிடுவதோடு மன்றத்தின் வாராந்தரப் பணி நிறைவுபெறும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த தொண்ணூற்றெட்டாம் வருஷம், மன்றத்தின் செயலாளர் ராமமூர்த்தி அந்தமானுக்குப் போய்வந்தார். தணிக்கை வேலையில் இருப்பவர், திண்டுக்கல்காரர். ஸ்லைடு புரொஜெக்டர் ஒன்றை எங்கோ இரவல் வாங்கிவந்து, விளக்கை அணைத்துவிட்டு, சுவரில் பவளப் பாறையும் நீலத் தண்ணீரும் ஆமையும் காட்டினார். லோதி கார்டன் கிளிகளெல்லாம் ஒரே மாலையில் மதிப்பிழந்தன. விளக்கைப் போட்டதும் அவர் ரொம்ப அடக்கமாக, "நம்ம தலைவர் எந்தெந்தக் கடல் பாத்திருக்காருன்னு அவர் வாயாலயே கேக்கலாமே" என்றார்.

அதற்குத்தான் நாகரிகம் கடற்கரையில் கண் விழித்த விஷயத்தை ஜோதிலிங்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பேச்சு போன வேகத்தில், வருகிற டிசம்பரில் தாம் குடும்பத்தோடு சிப்பித்துறை கடலோர இயற்கைப் பூங்காவுக்குப் போய், நேரில் ஆராய்ந்து, மன்றத்துக்கு அறிக்கை சமர்ப்பிக்கப் போவதாகவும் சொல்லிவிட்டார். கைதட்டல் நின்ற பிறகுதான் அதை யோசித்தே பார்த்தார்.

நல்ல வேளையாக எல்.டி.சி. பாக்கியிருந்தது. மத்திய அரசு ஊழியர் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு தேசத்தின் எந்த மூலைக்கும் அரசாங்கச் செலவில் போய்வரலாம். காஷ்மீர், கன்னியாகுமரி என்று மற்றவர்கள் தேசத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, ஜோதிலிங்கம் இதுவரை அத்தனையையும் சொந்த ஊரான திருமங்கலத்துக்கே செலவழித்திருந்தார். ஒரு தடவை தங்கை கல்யாணம், ஒரு தடவை மச்சினன் கல்யாணம், அப்புறம் அவர்கள் பெற்ற பிள்ளைகளின் காதுகுத்து.

கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அம்சவேணி, சிப்பித்துறை என்ற பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணவருக்கு வேண்டியது மன்றத்தில் இழந்த மதிப்பு. அவளுக்கு வேண்டியது கடல். அதுவும் மார்ச் மாதத்துக்குள் வேண்டும்.

காரணம், பக்கத்து வீட்டு கன்னா அம்மாள். கல்யாணமாகி அம்சவேணி தில்லிக்கு வந்த புதிதில் மாடிப்படியில் எதிர்ப்பட்டவள், "மதராஸியா? அப்படியானால் வீட்டு வாசலிலேயே கடல் இருக்குமே" என்று இந்தியில் கேட்டாள். அம்சவேணிக்கு அப்போது தெரிந்த இந்தி வார்த்தைகள் இரண்டு. ஒன்று அச்சா, இன்னொன்று ஹாங். ஆமாம் என்று அர்த்தப்படும் இரண்டாவதைச் சொல்லிவைத்தாள். வைகையிலேயே வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் பார்க்காத சீமை அவளுடையது என்பதை விளக்குகிற அளவுக்கு இந்தி வந்தபோது, காலம் கடந்துவிட்டிருந்தது.

இந்தி வளர வளரக் கடலும் வளர்ந்தது. கன்னா அம்மாள் அம்பாலாவில் பிறந்தவள். கடல் என்றால் அவளுக்கு உயிர், பார்த்ததில்லை. ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கேட்பாள். கடல் தண்ணீர் காலையில் வெதுவெதுப்பாகவும் சாயங்காலம் ஜில்லென்றும் இருக்கும் என்றாள் அம்சவேணி. பெரிய அலை வந்தால் உட்கார்ந்துவிட வேண்டும், நின்றால் இழுத்துக்கொண்டு போய்விடும் என்றாள். பௌர்ணமியன்று தண்ணீர் லேசாக இனிக்கும் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் கன்னா அம்மாளின் முகத்தைப் பார்க்காமல் நடமாடினாள். எத்தனையோ தடவை சென்னை வழியாகத்தான் ஊருக்குப் போயிருக்கிறார்கள். சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சோடு ஆட்டோவில் எழும்பூருக்கு ஓடி, மதுரை ரயிலைப் பிடிப்பதிலேயே உயிர் போகும். ஒரு தடவை ஆட்டோக்காரர் கையை நீட்டி, "பீச்சு அந்தாண்ட" என்று சொன்னார். அந்தாண்டயை அம்சவேணி திரும்பிப் பார்த்தாள். சினிமா போஸ்டர் தெரிந்தது.

இப்போது கன்னா அம்மாளின் பிள்ளைக்குச் சென்னைக்கு மாற்றலாகிவிட்டது. மார்ச்சில் அவளும் அவனோடு போகிறாள். வேணியும் கூட வர வேண்டும், வேணி கையைப் பிடித்துக்கொள்ளாமல் கடலில் கால் வைக்க மாட்டேன், எந்த அலைக்கு உட்கார வேண்டும் எந்த அலைக்கு எழுந்திருக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டாள். அம்சவேணிக்கு அந்த வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குள் ஒரே ஒரு தடவை, எங்கேயாவது, கடலைப் பார்த்து, கால் நனைத்து, நாக்கிலும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டால் போதும்.

"அங்க கடலுக்குள்ள எறங்க விடுவாகளா?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"பேரே கடலோரப் பூங்கா. பின்ன என்ன, கொளத்துலயா எறக்குவாக?" என்றார் ஜோதிலிங்கம்.

அதோடு சாதாரண மனிதராகப் போய் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. ஆனால் அந்தமானில் ராமமூர்த்தி, பெரிய அதிகாரிகள் தங்குகிற சர்க்யூட் ஹவுஸில் தங்கினாராம். ஆகவே ஜோதிலிங்கம் அலுவலகத்திலிருந்து எஸ்.டி.டி. போட்டு, சிப்பித்துறைப் பூங்கா அலுவலகத்தைப் பிடித்து, "டெல்லி மினிஸ்ட்ரியிலேர்ந்து ஜோதிலிங்கம் பேசறேன். இருபத்தெட்டாம் தேதி அங்க வர்றேன்" என்றார். சொன்னது அத்தனையும் சத்தியம். எந்த மினிஸ்ட்ரி என்று மறுமுனையில் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதும் வழக்கம் அரசாங்கத்தில் இல்லை.

ரயில் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கரோல் பாக்கில் வாங்கிய புது சூட்கேஸ், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய புளியில் செய்த புளியோதரை, கல்லூரியில் படிக்கும் மகள் அகல்யாவின் கழுத்தில் இரவல் காமிரா. நாக்பூர் வரைக்கும் எதிர் சீட்டுக்காரர்களுக்குப் பூநாரையின் அலகு ஏன் வளைந்திருக்கிறது என்று ஜோதிலிங்கம் விளக்கினார். நாக்பூருக்கு அப்பால் அவர்கள் மேல் பெர்த்துக்குப் போய்விட்டார்கள். சென்னையில் வழக்கம்போல சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு ஓடினார்கள்.

சிப்பித்துறை வாசலில் பந்தல் போட்டிருந்தது. வாழைமரம் கட்டியிருந்தது. காக்கிச் சட்டைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ராமநாதபுரத்திலிருந்து வந்த டாக்ஸி நின்றதும் அகல்யா தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, யாரோ பெரிய ஆபீசர் வர்றாங்க போல. அவங்க வர்றதுக்குள்ள ஜல்தியா உள்ள போயிடலாம்" என்றாள். பந்தல் முகப்பில் கட்டியிருந்த துணியில் எழுதியிருந்த தமிழை அவளால் வேகமாகப் படிக்க முடியாது. அம்சவேணியால் முடியும். 'தில்லி உயர் அதிகாரி உயர்திரு ஜோதிலிங்கம் அவர்களே வருக' என்றிருந்தது.

அம்சவேணி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சீப்பால் தலையைச் சீவிக்கொண்டிருந்தார்.

பூங்காவின் ரேஞ்சர் அழகர்சாமி, வயது ஐம்பது இருக்கும், வியர்த்து வழிந்துகொண்டு மாலையோடு வந்தார். பாவம், அவருடைய கதை வேறு. பூங்காவின் ரோந்துப் படகு என்ஜின் கெட்டு இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. மேலே எழுதி எழுதிச் சலித்துப் போயிருந்தவருக்குத் தில்லியிலிருந்தே ஒருவர் நேரில் வருகிறார் என்றதும், அது படகு விஷயமாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிட்டது. ஜோதிலிங்கம் மறுத்திருக்கலாம். வாயைத் திறந்தார். அதற்குள் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது. மாலை விழுந்த கழுத்தோடு, நான் அலமாரிப் பிரிவு என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

பிறகு நடந்ததெல்லாம் ஒரு உயர் அதிகாரிக்கு நடப்பவை. முதலில் காட்சிக்கூடம். பஞ்சடைத்த பூநாரை, கண்ணாடி ஜாடியில் கடல் குதிரை, அறை நீளத்துக்கு ஒரு திமிங்கில எலும்பு. ஒவ்வொன்றின் முன்னாலும் ஜோதிலிங்கம் நின்று, "ம்" என்றார். அந்த 'ம்'மை ஒருவர் பின்னாலேயே குறித்துக்கொண்டு வந்தார். அடுத்து மரக்கன்று நட்டார். அடுத்து ஜீப்பில் முள்காட்டைச் சுற்றிக் காட்டினார்கள். வெளிமான் கூட்டம் ஒன்று பாதையைத் தாண்டி ஓடியது. நரி ஒன்று நின்று நிதானமாக இவர்களைப் பார்த்துவிட்டுப் போனது. மயிலைக் காட்டியபோது, "இது எங்க லோதி ரோட்டுலயே மொட்டை மாடிக்கு மாடி இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அது சிரிக்கிற விஷயமா என்று அகல்யாவுக்குப் புரியவில்லை.

அம்சவேணிக்கு எந்த மானும் கண்ணில் படவில்லை. காலையிலிருந்து சவுக்குத் தோப்புக்கு அப்பால் ஓயாமல் ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. கடல் எப்போது என்று இரண்டு தடவை மெதுவாகக் கேட்டாள். இந்தா, அடுத்தது அதுதான் என்றார் ஜோதிலிங்கம். அடுத்தது ஊழியர்களிடையே உரை.

உரையில்தான் வினை வந்தது. கடற்கரையில் ஆமைகள் முட்டையிடும் காலம் தொடங்கிவிட்டதால், நாலு மணிக்கு மேல் யாரையும் கரைக்கு விடுவதில்லை என்று அழகர்சாமி தம் பேச்சில் சொல்லியிருந்தார். பதிலுரையில் ஜோதிலிங்கம் அதைப் பிடித்துக்கொண்டார். இந்த விதி ஒன்றே போதும், இந்தப் பூங்கா தேசத்துக்கே வழிகாட்டி என்றார். "கரைக்குப் போகும் வேலிக் கதவை எனக்காகவும் திறக்கக் கூடாது. எனக்கு மேலே இருக்கிறவர்களுக்காகவும் திறக்கக் கூடாது. ஆமைக்கு முன்னால் அனைவரும் சமம்" என்றார். பலத்த கைதட்டல். அழகர்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆமைகளைப் பற்றி அதுவரை எந்த அதிகாரியும் அவ்வளவு உருக்கமாகப் பேசியதில்லை.

அப்புறம் சாப்பாடு. நண்டு, இறால், இரண்டு வகை மீன். சாப்பிட்டு முடித்ததும் படகு என்ஜின் பற்றிய மனு. மனுவை வாசித்துக் காட்ட வேண்டும் என்று அழகர்சாமி விரும்பினார். மூன்று பக்கம். ஜோதிலிங்கம் ஒவ்வொரு பத்திக்கும் தலையசைத்தார். தலையசைப்புக்கு நடுவே கைக்கடிகாரத்தைப் பார்த்ததை அம்சவேணி மட்டும் கவனித்தாள்.

கடற்கரைக்குப் போகும் பாதைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. மூங்கில் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. காவலாளிகள் இரண்டு பேர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள்.

"அய்யா காலையில சொன்ன மாதிரியே கரெக்டா நாலு மணிக்குப் பூட்டியாச்சுங்க சார்" என்றார் அழகர்சாமி. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி முகம் மலர்ந்திருந்தது.

"குட்" என்றார் ஜோதிலிங்கம். வேறு என்ன சொல்வது?

அம்சவேணி பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "ஒரு அஞ்சு நிமிசம். கேட்டுப் பாருங்களேன்" என்றாள்.

"எப்படி வேணி கேக்கிறது? காலையில தானே..."

"நான் ஒண்ணும் ஆமை இல்ல. முட்டையிடப் போறதில்ல. கால நனைச்சுட்டு வந்துர்றேன்."

அவர் பூட்டைப் பார்த்தார். காவலாளிகளைப் பார்த்தார். இரவு ராமநாதபுரத்தில் ரயில் ஏற வேண்டும். நாளைக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. திற என்று ஒரு வார்த்தை சொன்னால் திறந்துவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அம்சவேணி போய் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். இருபத்துச் சொச்சம் வருஷக் குடும்பத்தில், அவள் திட்டினால் ஜோதிலிங்கத்துக்கு ஒரு நிம்மதி உண்டு. திட்டவில்லை.

"பொழுது இருக்குங்க சார், பறவை பாக்குற எடத்துக்குப் போயிட்டு அப்படியே கிளம்பலாம்" என்றார் அழகர்சாமி.

ஜீப் சவுக்குத் தோப்புக்குள் நுழைந்து, வளைந்து, ஒரு மேட்டைச் சுற்றி, திசை தெரியாமல் எங்கோ போய், திடீரென்று வெட்டவெளியில் நின்றது. எதிரே தண்ணீர். அகலமான, அசையாத, சாயங்கால வெயிலில் தாமிரத் தகடு மாதிரி மின்னிய தண்ணீர். நடுவே பூநாரைகள், ஆயிரக்கணக்கில், ரோஜா நிறத்தில் ஒரு கோடு இழுத்த மாதிரி நின்றன. காட்சிக்கூடத்தில் பஞ்சடைத்து நின்றதன் உறவினர்கள் என்று நம்ப முடியாத அழகு.

ஜோதிலிங்கம் ஜீப்பிலிருந்து குதித்தே விட்டார்.

"வேணி. கடல்" என்றார்.

அழகர்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடலிலிருந்து மணல்மேட்டைத் தாண்டி உள்ளே வந்து தேங்கிய உப்பங்கழி அது. அதை அவர் அறிவார். ஜீப் டிரைவர் அறிவார். பூநாரைகளும் அறியும். ஆனால் சொன்னவர் தில்லி அதிகாரி; அவர் பையில் படகு மனு இருக்கிறது.

"ஆமாங்க சார்" என்றார் அழகர்சாமி.

"அலையே இல்லையே?" என்றாள் அம்சவேணி.

"எதிர்க்கரை தெரியுது பாரு. அதான் இலங்கை. அது குறுக்க நிக்கிறதால இங்க அலை வராது. சரித்தானே ரேஞ்சர்?"

"அது... அப்படியும் சொல்லலாங்க சார்."

"முதுகுக்குப் பின்னால ஒரே எரைச்சலா கேக்குதே, அது?" என்று அம்சவேணி கணவரைக் கேட்டாள்.

"காத்து. சவுக்குத் தோப்புல காத்தடிச்சா அப்படித்தான் கேக்கும்."

ஜோதிலிங்கம் பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்பினார். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் அவரால் கேட்டிருக்க முடியாது. கடல் எது என்று ரேஞ்சரிடம் கேட்கிற அதிகாரிக்குப் பந்தல் எதற்கு, வாழைமரம் எதற்கு?

அவர் ஷூவைக் கழற்றினார். பேன்டை முழங்கால் வரை சுருட்டினார். அம்சவேணிக்கு முழங்கால் வலி உண்டு என்பதால், எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்து, மெதுவாகச் சரிவில் இறக்கினார். கல்யாணத்தன்று புரோகிதர் சொல்லிப் பிடித்த பிறகு, நாலு பேர் பார்க்க அவர் அவள் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "மெல்ல. சேறு வழுக்கும். எவ்வளவு நாளா கேட்டுட்டிருந்த, இப்ப நல்லா நனைச்சுக்க" என்றார்.

கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று, அம்சவேணி விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு. சந்தேகமில்லாத உப்பு. வெதுவெதுப்பாகவும் இல்லை, ஜில்லென்றும் இல்லை. நிமிர்ந்து இலங்கையைப் பார்த்தாள்.

இலங்கையில் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. கூடையோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள். அதில் ஒருத்தி கண்டக்டரோடு சண்டை போடுகிற கையசைப்பு இங்கே வரை தெரிந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். அதுவும் கேட்டது.

அம்சவேணி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் பஸ்ஸைப் பார்க்கவில்லை. கால் வழுக்காமல் அவள் நிற்கிறாளா என்று குனிந்து அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் இன்னும் மாலை கிடந்தது. பூவெல்லாம் வாடி, நாருக்குத்தான் அதிகக் கனம்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு" என்றாள் அம்சவேணி.

அகல்யா கரையில் நின்று, "அப்பா, ஸ்மைல்" என்று படமெடுத்தாள்.

தில்லிக்குத் திரும்பியதும் ஜோதிலிங்கம் முதலில் செய்த காரியத்தை அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். படகு மனுவை அவர் குப்பையில் போடவில்லை. குளிரில் மப்ளர் சுற்றிக்கொண்டு சைக்கிளில் சி.ஜி.ஓ. வளாகத்துக்குப் போய், அது போய்ச் சேர வேண்டிய அமைச்சகத்தில், தமக்குத் தெரிந்த ஒருவரின் ஊர்க்காரர் மூலமாக உரிய மேசையில் சேர்த்தார். அதற்கு மேல் அவரால் செய்ய முடிந்தது அலமாரி மட்டும்தான். அது அழகர்சாமிக்குத் தேவைப்படவில்லை.

ஜனவரி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மன்றக் கூட்டம். வடை, காபி, அறிக்கை. பக்கத்து வீட்டு கன்னா அம்மாளையும் அம்சவேணி அழைத்து வந்திருந்தாள். கன்னா அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, வடை தெரியும். ஜோதிலிங்கம் ஒரு மணி நேரம் பேசினார். ஆமைக்கு முன்னால் அனைவரும் சமம் என்ற வாக்கியத்தை இங்கேயும் சொன்னார். பிறகு படங்கள் கைமாறிக் கைமாறிக் கூடத்தைச் சுற்றின. கணவனும் மனைவியும் தண்ணீரில் நிற்கிற படம் வந்தபோது, "எதிரே தெரிவது இலங்கை" என்று அறிவித்தார்.

கூடம் முழுவதும் ஆகா என்றது. கரூர்க்காரர் இருந்தார், நாமக்கல்காரர் இருந்தார், திருப்பத்தூர்க்காரர் இருந்தார். தில்லியைப் பொறுத்தவரை அத்தனை பேரும் கடலோர மக்கள். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. ராமமூர்த்தி மட்டும் படத்தைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்துவிட்டு, "அலை?" என்றார். இலங்கை குறுக்கே நிற்கிற விவரம் அவருக்குச் சொல்லப்பட்டது. அவரும் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்.

படம் கன்னா அம்மாளிடம் வந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். எல்லாரும் பார்த்தது ஜோதிலிங்கத்தை. அவள் பார்த்தது கடலை. ஆகவே கடலின் எதிர்க்கரையையும் பார்த்தாள். குனிந்து அம்சவேணியின் காதில், "வேணி, யே பஸ்?" என்றாள்.

அம்சவேணி அவளைக் கையைப் பிடித்து, காபி ஆற்றுகிற பின்தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே, டிகாக்‌ஷன் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, இந்தியில், தான் இன்றுவரை கடலையே பார்த்ததில்லை என்று சொன்னாள். இதுவும் கடல் இல்லை என்றாள். வெதுவெதுப்பு பொய், உட்கார்வது எழுந்திருப்பது பொய், பௌர்ணமித் தித்திப்பு பெரிய பொய். முதல் நாள் சொன்ன ஒரு ஹாங்கில் வந்த வினை. ரயில் முழுக்க ஒத்திகை பார்த்திருந்ததால் வார்த்தைகள் தடங்கலில்லாமல் வந்தன. சொல்லி முடித்ததும் அழுதுவிடுவோம் என்று நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. பசித்தது.

 கன்னா அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ஐயோ, பௌர்ணமி விஷயத்தை நான் அம்பாலா முழுக்கச் சொல்லியிருக்கிறேனே, என் சம்பந்தியம்மாள் நம்ப மாட்டேனென்றபோது, பக்கத்து வீட்டில் கடலோரத்துக்காரி இருக்கிறாள் என்று சண்டையே போட்டேனே என்றாள். சம்பந்தியம்மாளோடு அதற்கப்புறம் பேச்சுவார்த்தையே இல்லையாம்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யாரென்று சொல்வது கடினம். கன்னா அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடங்கியதும் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோயீ பாத் நஹீன். சாத் மே தேகேங்கே" என்றாள். பரவாயில்லை, சேர்ந்தே பார்ப்போம் என்று அர்த்தம்.

"அவுககிட்ட சொல்லிறாதீக" என்றாள் அம்சவேணி, அவசரத்தில் தமிழிலேயே, கூடத்தின் பக்கம் கையைக் காட்டி. கன்னா அம்மாளுக்கு அது நன்றாகப் புரிந்தது.

உள்ளே தலைவர் பதவிக்கு ஜோதிலிங்கம் மறுபடியும் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டுக்கொண்டிருந்தார். முன்மொழிந்தவர் ராமமூர்த்தி. சிப்பித்துறைப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்திலேயே மாட்ட வேண்டும் என்றும் தீர்மானம் நிறைவேறியது. கீழே, 'கடலின் முன் தலைவர் தம்பதியர்; பின்னணியில் இலங்கை' என்று எழுதினார்கள்.

மார்ச்சில் இரண்டு பெண்களும் சென்னைக்குப் போனார்கள். படம் இன்னும் லோதி ரோட்டுக் கூடத்தில்தான் தொங்குகிறது. பெரிதாக்கியதில் பஸ்ஸும் பெரிதாகிவிட்டது. படிக்கட்டில் இரண்டு பேர் தொங்குகிறார்கள்.